ஏரிக்கு நாட்டு மீன் திரும்ப வேண்டுமா? குஞ்சு வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

ஏரியைத் தூர்வாரியாயிற்று, கரையைப் பலப்படுத்தியாயிற்று, தண்ணீரும் நிற்கிறது, அடுத்தது மீன் விடலாம் என்றுதான் எந்த ஊர் இளைஞர் குழுவும் யோசிக்கிறது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் வருடம் ஒரு வண்டி நிறைய மீன்குஞ்சு வாங்கி, பந்தல் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் கையால் விடச் சொன்னோம். 'எல்லாம் நாட்டு மீன்' என்று சொல்லித்தான் விற்றார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் முக்கால்வாசி கட்லாவும் ரோகுவும். மீதியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்திருந்தது அடுத்த கோடையில் தண்ணீர் வற்றியபோதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருந்தது. அந்த வருடம் அயிரையும் குள்ளக் கெண்டையும் யார் வலையிலும் ஏறவில்லை.

அந்தத் தவறிலிருந்தும் அதற்குப் பிறகு மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டதிலிருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வீராணம், மதுராந்தகம், காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியாக இருந்தாலும் சரி, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நடுத்தர ஏரியாக இருந்தாலும் சரி, வேலையின் வரிசை மாறாது. கோடையில் மீன் ஒதுங்க இடம் வேண்டும், முட்டையிட இடம் வேண்டும், வந்து போக வழி வேண்டும், பிடிப்பதில் கட்டுப்பாடு வேண்டும். இவை நான்கும் ஆன பிறகுதான் குஞ்சு. இதைச் சரியாகச் செய்த பல ஏரிகளுக்குக் குஞ்சு விடும் தேவையே வராது, மழை வெள்ளத்தோடு மீன் தானே வந்து சேர்ந்துவிடும்.

எது நாட்டு மீன்?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இந்திய மீன்கள்தான், ஆனால் கங்கைச் சமவெளி மீன்கள். வளர்ப்புக்காக நம் ஏரிகளுக்குக் கொண்டுவரப்பட்டவை. சந்தையில் அவற்றை நாட்டு மீன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், உங்கள் வேலைக்கு அந்தக் கணக்கு உதவாது. ஜிலேபி 1952-ல் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். புல்கெண்டை, வெள்ளிக் கெண்டை, சாதாக் கெண்டை மூன்றும் வெளிநாட்டவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது, அப்படியிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. உடம்பு முழுவதும் ஓடு போட்ட மாதிரி, கறுப்பாக, வாய் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் டேங்க் கிளீனர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடித் தொட்டிக்காக வந்தது. தொட்டிக்குள் பெரிதானதும் 'பாவம், உயிரோடு விடலாம்' என்று யாரோ ஏரியில் விட்ட மீன்தான் இன்று வலைகளைக் கிழிக்கிறது.

நம் ஏரி மீன்கள் என்றால் விரால், குறவை, கெளுத்தி, தேளி, வாளை, ஆரால், அயிரை, உளுவை, சேல்கெண்டை, குள்ளக் கெண்டை வகைகள், பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளத்தோரப் பனைமரத்தில் இந்தப் பனையேறி ஏறியதைப் பார்த்ததாக எழுதி, அந்தக் குறிப்பு 1797-ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மரம் ஏறுமா என்பது இன்றுவரை விவாதம்தான், ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றிப் போவதை மழைக்காலத்தில் ஏரிக்கரை ஊர்க்காரர்கள் யாரும் பார்த்திருப்பார்கள். எனக்கு இந்தப் பட்டியலிலேயே ரொம்பப் பிடித்த மீன் அதுதான்.

உங்கள் ஏரிக்கான பட்டியலை நீங்களேதான் எழுத வேண்டும். அறுபது வயது தாண்டிய மீனவர்கள், ஊத்தாக் கூடை போட்டுப் பிடித்தவர்கள், மீன் விற்ற பெண்கள், மதகு பார்த்த நீர்க்கட்டி, இவர்களில் பத்துப் பேரையாவது தனித்தனியாகப் பாருங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். 'சின்ன வயதில் என்னென்ன மீன் பார்த்தீர்கள், எந்த மாதம், ஏரியின் எந்த மூலையில், எப்போதிலிருந்து காணவில்லை' என்று கேளுங்கள். மூலை என்பது முக்கியம். 'சம்புப் புல் மேட்டில் விரால் கூடு கட்டும்', 'வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) வாயில் வாளை நிற்கும்' என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் தாளில் ஏரியை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செய்யும் எல்லா வேலைக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம்.

யாரைக் கேட்க வேண்டும்

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். கரை, மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்), ஏரி உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதி) எதிலும் அவர்கள் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். மீன் விடுவதற்கு மீன்வளத்துறையைக் கேளுங்கள்.

இதைவிடச் சிக்கலானது மீன்பாசி ஏலம், அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இது பாசிப்பாட்டம் என்ற பெயரில் வருகிறது, மீன் வருமானத்தை ஏரிப் பராமரிப்புக்கே ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. இன்று குத்தகை எடுப்பவர் போட்ட பணத்தைக் குறுகிய காலத்தில் எடுக்க வேண்டும், அதனால் வேகமாக வளரும் கெண்டைகளை விடுகிறார். அதோடு நின்றால் பரவாயில்லை. வளர்ப்பு மீன் பாடத்தில் நம் சின்ன மீன்களுக்குக் 'களை மீன்' என்று பெயர், விராலுக்கும் குறவைக்கும் 'கொன்று தின்னும் மீன்' என்று பெயர், குஞ்சு விடும் முன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு இவை எல்லாவற்றையும் சாகடிக்க வேண்டும் என்பது அதில் வழக்கமான ஒரு படி. வளர்ப்புக் குட்டையில் அதைச் செய்பவரை நான் குறை சொல்லவில்லை. பொது ஏரியில் செய்தால் பல நூறு வருடமாக அங்கேயே இருந்த மீன்கள் ஒரே நாளில் போய்விடும்.

அதனால் குத்தகைதாரரை எதிரியாக்காமல் முதல் வாரமே அவரோடு பேசுங்கள். விரால் எந்தச் சந்தையிலும் கட்லாவைவிட அதிக விலைக்குப் போகும், அயிரைக்கு மதுரைப் பக்கம் இருக்கும் கிராக்கி எல்லாருக்கும் தெரியும். இதை அவருக்குப் புரியும் கணக்காகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது நாலே விஷயம்: புல்கெண்டையும் சாதாக் கெண்டையும் விடக் கூடாது, புண்ணாக்கு போடக் கூடாது, ஐப்பசி கார்த்திகையில் கலங்கலிலும் வரத்துக்காலிலும் பிடிக்கக் கூடாது, ஏரியில் ஒரு மூலையை வலை படாமல் விட வேண்டும். அடுத்த ஏலம் வரும்போது இவற்றை ஏல நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானம் போடுங்கள். புல்கெண்டையை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அது நீங்கள் நட்டு வளர்க்கும் நீர்ச்செடி அத்தனையையும் தின்றுவிடும். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறிச் செடி வேரைப் பிடுங்கித் தண்ணீரைக் கலக்கியே வைத்திருக்கும், வெயில் அடிவரை போகாது, செடி முளைக்காது.

பங்குனி முதல் ஆனி வரை: மடு

தண்ணீர் இறங்கும் காலம்தான் வேலைக்காலம். பெரிய ஏரியே ஆனாலும் சில வருடங்களில் வற்றும். வற்றும்போது மீன் எங்கே போகும் என்பதுதான் முதல் கேள்வி.

விரால், குறவை, தேளி, பனையேறி எல்லாம் மேலே வந்து காற்றை வாங்கிச் சமாளிக்கும், ஈரச் சேற்றுக்குள் புதைந்துகூடச் சில காலம் தாங்கும். கெண்டை வகைகளால் அது முடியாது, அவற்றுக்குத் தண்ணீர் நின்றே ஆக வேண்டும். மதகின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர் பாசனத்துக்குப் போய்விடும், அதில் நாம் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் மீன் ஒதுங்கும் பள்ளமான மடு, மதகு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு ஆழம்? நம் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகிறது. நூறு நாளில் இரண்டடிக்கு மேல் போய்விடும். மண்ணுக்குள் இறங்குவது தனி. மீனுக்கு மூன்றடியாவது மிஞ்ச வேண்டும் என்றால் ஆறடிக்குக் குறையாமல் தோண்ட வேண்டும். ஏரி பெரிதாக இருந்தால் ஒரே பெரிய பள்ளமாக வேண்டாம், தள்ளித் தள்ளி மூன்று நான்கு மடு இருக்கட்டும். ஒன்றில் ஏதாவது கெட்டுப்போனால் மற்றதில் பிழைக்கும். கரையின் அடிக்குப் பக்கத்தில் தோண்டாதீர்கள், கரை சரிந்துவிடும். எவ்வளவு தள்ளி என்பதை நீர்வளத்துறைப் பொறியாளர் சொல்லட்டும்.

தோண்டும் வண்டலை விவசாயிகள் அனுமதியோடு வயலுக்குக் கொண்டுபோகட்டும். ஆனால் ஜேசிபி ஓட்டுபவரை ஏரி முழுவதையும் ஒரே கிண்ணம் மாதிரி வழிக்க விடாதீர்கள். தூர்வாரிய பிறகு 'ஏரி சுத்தமாக இருக்கிறது' என்று படம் எடுத்துப் போடுகிறோம், அந்தச் சுத்தம்தான் மீனுக்குக் கெடுதல். நம் மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடுவது முழங்கால் அளவுத் தண்ணீரில், புல்லும் கோரையும் நிற்கும் இடத்தில். உள்வாய் ஓரம் மெல்லச் சரிந்து போகும் அந்த ஆழமில்லாத பகுதியைச் செங்குத்தாக வெட்டிவிட்டால், தண்ணீர் கொள்ளளவு கூடும், முட்டையிட இடம் இருக்காது. கரைக்கு எதிர்ப்பக்கம், வரத்துக்கால் வரும் பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு ஓரத்தையாவது கைபடாமல் விடச் சொல்லிக் கொடி நட்டு வையுங்கள். வேலை நடக்கும் நாட்களில் யாராவது ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். நாங்கள் ஒருநாள் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு முழுச் சம்பு மேடு போயிற்று. அது மறுபடி வளர்ந்துவர இரண்டு மழைக்காலம் ஆனது.

வேண்டாத மீனைக் குறைக்கவும் இதுதான் நேரம். தண்ணீர் மடுவுக்குள் சுருங்கியதும் இழுவலை போட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர், ஜிலேபி மூன்றையும் எடுத்துவிட்டு, நாட்டு மீனை அந்த இடத்திலேயே ஈரக் கையோடு திரும்ப விட வேண்டும். எடுத்ததைக் கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஈரத் தரையில் நகர்ந்தே தண்ணீருக்குத் திரும்பிவிடும், டேங்க் கிளீனர் தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். குழி வெட்டிப் புதையுங்கள். டேங்க் கிளீனர் கரைச் சரிவில் வளை தோண்டி முட்டையிடும், வற்றிய நேரத்தில் அந்த வளைகள் வரிசையாக வெளியே தெரியும், மண் வைத்து அடைத்துவிடுங்கள். ஜிலேபியைப் பெரிய ஏரியிலிருந்து மொத்தமாக ஒழிக்க முடியும் என்று யாரும் நம்ப வேண்டாம். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் மீன் அது. ஆனால் அதன் குஞ்சை விராலும் வாளையும் விரும்பித் தின்னும். அந்த இரண்டும் பெருகினால் ஜிலேபி தானாக அடங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் நம் நாட்டுக் கெளுத்தி, தேளியையும் குழப்பிக்கொண்டால் தவறான மீனைக் கொன்றுவிடுவோம். அதனால் முதல் தடவை மீன்வளத்துறை ஆளையோ மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்களையோ கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர்களுக்குத் தனியாக ஒன்று. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றும்போது வெள்ளைத் துணியை வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சா வலையுமாக இறங்கும். அது நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன், ஊரின் சந்தோஷம் அது. ஒரு மடுவை மட்டும் சாமிக்கு விட்ட இடம் என்று கயிறு கட்டி ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வருடத் திருவிழாவுக்கு மீன் அங்கிருந்துதான் வரும். ஊர்க்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து இதைச் சொன்னால் கேட்பார்கள், இளைஞர்கள் சொன்னால் சண்டையாகும்.

வைகாசி முதல் ஆவணி வரை: ஓரம்

வைகாசி ஆனியில் உள்வாய் ஓரத்தில் ஈரம் இருக்கும்போதே பக்கத்து ஏரியிலிருந்து கோரை, சம்பு, நாணல் வேர்க்கட்டைகளைக் கொண்டுவந்து நடலாம். ஆழம் கொஞ்சம் கூடும் இடத்தில் அல்லி. மரம் என்றால் நீர்க்கடம்பு, அதைவிட நல்ல மரம் ஏரி உள்வாய்க்கு எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது, வேடந்தாங்கலில் பறவைகள் அதில் கூடு கட்டுகின்றன, வெள்ளத்தில் மூழ்கிய வேர்களுக்குள் குஞ்சு மீன் ஒளியும். 'பறவை வந்தால் மீனைத் தின்றுவிடாதா' என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். நீர்க்காகமும் நாரையும் நம் மீன்களோடு சேர்ந்தே வாழ்ந்தவை, அவற்றால் எந்த ஏரியும் காலியானதில்லை.

ஆகாயத்தாமரையைக் கையால்தான் எடுக்க வேண்டும். மருந்து அடித்தால் அழுகி, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மீன் முழுவதும் மிதக்கும். எடுத்ததைக் கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழையில் சத்து முழுவதும் திரும்ப ஏரிக்குள் இறங்கும். கரைக்கு வெளியே கொண்டுபோய் எருவாக்குங்கள். எங்கே ஆகாயத்தாமரை ரொம்ப வேகமாகப் படர்கிறதோ அங்கே சாக்கடை வருகிறது என்று அர்த்தம். கையில் கிடைத்த வழிகாட்டி மாதிரி அதைத் தொடர்ந்து போனால் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெட்டிய சீமைக் கருவேல முள்ளையும் வீணாக்க வேண்டாம். இலை முழுவதும் உதிரும்வரை வெயிலில் காயவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லைச் சேர்த்து மடுவுக்குள் இறக்குங்கள். பச்சையாகப் போட்டால் அழுகிக் கெடுக்கும். முள் கிடக்கும் இடத்தில் திருட்டு வலை இழுக்க முடியாது, சின்ன மீன் உள்ளே நுழைந்துகொள்ளும், கட்டையில் படரும் பாசியை மேயவும் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை: கலங்கல்

இந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டால் மற்ற பத்து மாத வேலையும் வீண். வடகிழக்குப் பருவமழையின் புதுத் தண்ணீர் வரத்துக்காலில் இறங்கியதும், ஏரிக்குள் இருக்கும் மீன் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், கீழ் ஏரி மீன் வாய்க்கால் வழியாக மேலேறி வந்து கலங்கலில் துள்ளும். நம் ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல, ஒன்றின் கலங்கல் தண்ணீர் அடுத்ததற்கு வரத்து. சங்கிலி மாதிரி பத்து, இருபது ஏரிகள் கோத்து நிற்கும். ஒரு ஏரியில் மீன் அழிந்தாலும் சங்கிலி வழியாக இன்னொன்றிலிருந்து வந்து நிரப்பும். இத்தனை வறட்சியைத் தாண்டி நம் மீன்கள் பிழைத்தது இப்படித்தான்.

இப்போது அந்த வழியில் இரண்டு அடைப்பு. முதலாவது கான்கிரீட். பழைய கலங்கல்களில் தண்ணீர் கல்மேல் சரிந்து விழும், பாசி படிந்திருக்கும், இடுக்கு இருக்கும், மீன் தங்கித் தங்கி ஏறிவிடும். புதுசாகக் கட்டியவற்றில் பல செங்குத்துச் சுவர். நாலடிச் சுவரைக் கெண்டையால் தாண்ட முடியாது. கலங்கல் சுவரின் உயரத்தைத் தொடக் கூடாது, அது பாசன உரிமையும் ஊர்ப் பாதுகாப்பும் சம்பந்தப்பட்டது. அதன் கீழ்ப்பக்கத்தில், ஒரு ஓரமாக, பெரிய கற்களைப் பதித்து மெல்லிய சரிவாக ஒரு பாதை அமைக்கலாம். ஒரு அடி ஏற்றத்துக்கு இருபது அடி நீளம் என்ற கணக்கில் போனால் சின்ன மீன்கூட ஏறும். கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுவிட்டுப் பதியுங்கள், ஓட்டம் உடைந்து, மீன் நின்று மூச்சு வாங்கச் சின்னச் சின்னக் குழிகள் உண்டாகும். பொறியாளரிடம் இதைக் கேட்டபோது முதலில் மறுத்தார்கள், வாய்க்கால் அரிப்பையும் இந்தக் கல் தடுக்கும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள். அது உண்மையும்கூட.

இரண்டாவது அடைப்பு நாம்தான். மீன் ஏறும் இரவில் வாய்க்கால் குறுக்கே வலையும் தூரி என்ற மீன்பொறியும் கட்டி, கொசுவலையைக்கூடக் கட்டி, முட்டை நிறைந்த மீனை அள்ளுகிறோம். ஒரு சேல்கெண்டை வயிற்றில் இருப்பது ஆயிரக்கணக்கான முட்டை. அந்த ஒரு மீன் முட்டையிட்டுவிட்டுப் பத்து நாள் கழித்துப் பிடிபட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. முதல் வெள்ளம் இறங்கும் நாளிலிருந்து மூன்று வாரமாவது கலங்கலிலும் வரத்துக்காலிலும் பிடிக்கக் கூடாது என்று தண்டோரா போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், இரவில் ஆள் மாற்றி ஆள் காவல் இருங்கள். அந்த நேரத்தில் பிடிக்காமல் இருப்பதால் வருமானம் போகும் குடும்பங்கள் இருந்தால், காவல் கூலியை அவர்களுக்கே கொடுங்கள். எங்கள் ஊரில் தூரி கட்டுவதில் பெயர் பெற்றவர்தான் இன்று காவலுக்குத் தலைவர், மீன் எந்த இரவில் ஏறும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிகளுக்கு முதல் வெள்ளத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. கோடை முழுவதும் வரத்துக்காலில் தேங்கிய சாக்கடையையும் குப்பையையும் முதல் மழை ஒரே வீச்சில் ஏரிக்குள் தள்ளும், மறுநாள் காலை மீன் செத்து ஒதுங்கும். மழைக்கு முன் புரட்டாசியிலேயே வரத்துக்காலைச் சுத்தம் செய்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு சாக்கடையைத் திருப்புவதுதான், அதற்கு வருடக்கணக்கில் மனு எழுத வேண்டியிருக்கும், எழுதத்தான் வேண்டும்.

மார்கழி, தை: விரால் குடும்பம்

விரால் சோடி சேர்ந்து, செடி நடுவே சின்ன வட்டமாக இடத்தை ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். பொரித்த பிறகு செந்நிறக் குஞ்சுகள் ஒரே பந்தாகச் சேர்ந்து மேலே வந்து காற்று வாங்கும், தண்ணீர் கொதிப்பது மாதிரி இருக்கும். விரால் பார்ப்பு என்பார்கள். தூண்டில்காரர்களுக்கு அது அடையாளம். பார்ப்பு நடுவில் இரையைப் போட்டால் குஞ்சைக் காக்கப் பாய்ந்து வரும் தாய் சுலபமாக மாட்டும். அது போனதும் சில மணி நேரத்தில் குஞ்சு முழுவதையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறை போகிறது. ஊரில் ஒரே ஒரு விதிதான் போட முடியும் என்றால் 'பார்ப்போடு இருக்கும் விராலைப் பிடிக்காதே' என்று போடுங்கள். நாங்கள் மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டிப் பார்ப்பு தெரிந்த இடத்தில் நட்டோம். சில பிள்ளைகள் அதைப் பார்த்தே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அடி நீளத்துக்குக் குறைந்த விராலைத் திரும்ப விடச் சொல்வது அடுத்த விதி, அதற்குமுன் பெரும்பாலும் அது ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

இனி குஞ்சு

இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு, உங்கள் பட்டியலில் இருந்து இன்னும் வராத மீன் எது என்று பாருங்கள். அதற்கு மட்டும்தான் குஞ்சு. குஞ்சு மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் கடல் விலாங்கு மாதிரி இருக்கும் ஒட்டுண்ணி மீன் ஒன்று உள்ளே புகுந்து, அங்கத்திய பெரிய டிரௌட் மீனைப் பெருமளவு அழித்தது. 1958-லிருந்து அந்த ஒட்டுண்ணியின் குஞ்சை ஓடைகளிலேயே மருந்து போட்டுக் கட்டுப்படுத்தி, பிடிப்பையும் குறைத்தார்கள், கூடவே குஞ்சும் விட்டார்கள். டிரௌட் மீண்டது அந்த மூன்றும் சேர்ந்ததால்தான், அதற்கும் பல பத்து வருடங்கள் ஆயின. வெறும் குஞ்சை மட்டும் கொட்டியிருந்தால் ஒட்டுண்ணிக்குத்தான் தீனி.

குஞ்சை அதே ஆற்றுப் படுகையில், முடிந்தால் அதே ஏரிச் சங்கிலியில் இருந்து எடுங்கள். பாலாற்றுப் பக்கத்து ஏரிக்குத் தாமிரபரணி மீன் வேண்டாம், அலங்கார மீன் கடைப் பக்கமே போகாதீர்கள். மேல் ஏரி மீனவரிடம் சொல்லி வைத்து, வளர்ந்த சோடிகளை வாங்கி விடுவது பண்ணைக் குஞ்சைவிடப் பல சமயம் நல்ல பலன் தரும். பண்ணைக் குஞ்சுதான் கிடைக்கிறது என்றால் விரலி அளவுக்கு வளர்ந்ததாக வாங்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாங்கள் அன்று இதைச் செய்திருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி உள்ளே வந்திருக்காது. புண், வெள்ளைப் பொட்டு, பஞ்சு படர்ந்த மாதிரி எதுவும் தெரிந்தால் முழுப் பையையும் திருப்பிவிடுங்கள்.

வரிசையும் உண்டு. முதலில் குள்ளக் கெண்டை, அயிரை, உளுவை. அவை பெருகியது கண்ணுக்குத் தெரிந்த பிறகு சேல்கெண்டை. விராலும் வாளையும் கடைசி. தின்ன மீன் இல்லாத ஏரியில் வாளையை விட்டால் இருப்பதையும் காலி செய்யும். பையை மாலை நேரத்தில் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏரித் தண்ணீரைச் சேர்த்து, சூடு சமமானதும் செடி ஓரத்தில் பையைச் சாயுங்கள், மீன் தானாக நீந்திப் போகட்டும். கொசுவுக்காகக் கம்பூசியா, கப்பி என்ற வெளிநாட்டு மீன்களை விடச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் முண்டக்கண்ணி மீன் அந்த வேலையைச் செய்யும்.

கணக்கு

மாதம் இரண்டு முறை, ஒரே மீனவரின் ஒரே வலை, ஒரே இடம், ஒரு இரவு. காலையில் அவர் வலையை உதறும்போது பக்கத்தில் அளவுகோலோடு உட்கார்ந்து என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று நோட்டில் எழுதுங்கள், சந்தேகம் வரும் மீனைப் படம் எடுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா என்றும் பாருங்கள், அது ஆக்சிஜன் குறைந்ததற்கு அடையாளம். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்தால் தண்ணீர் தெளிகிறதா கலங்குகிறதா என்பது தெரியும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதல் வருடம் நோட்டில் ஜிலேபியாகவே இருக்கும், அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். எங்கள் நோட்டில் முதல் அயிரை மூன்றாவது கார்த்திகையில் வந்தது, கலங்கல் கல்பாதைக்குப் பக்கத்தில், விரல் நீளம்கூட இல்லை. எழுதியவர் மூன்று முறை அடிக்கோடு போட்டிருக்கிறார். பங்குனி பிறந்ததும் மடுவின் ஆழத்தை அளந்துவிடுங்கள், மூன்றடிக்குக் கீழே இறங்கினால் யாராவது மோட்டார் வைத்து இறைக்கிறார்களா என்று அன்றே போய்ப் பாருங்கள்.